சைல்ட் லைஃப் வேலைக்குப் படிக்க நினைக்கும் தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். கலியாணம் கட்டி கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து எட்டு மாதம். ஊரில் உளவியல் பட்டம், பிறகு மூன்று வருடம் முன்பள்ளி ஆசிரியை. போன மாதம் மச்சாளின் மகனுக்கு டொன்சில் எடுக்கப் போன இடத்தில், ஒரு பெண் பொம்மைக்கு மயக்க மருந்து முகமூடி போட்டுக் காட்டி, அவனோடு விளையாடி, அழாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறீர்கள். அந்த வேலைக்கு என்ன பெயர், அதற்கு வர என்ன படிக்க வேண்டும், எனக்குச் சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதன் பெயர் சைல்ட் லைஃப் ஸ்பெஷலிஸ்ட். தமிழில் இதற்கு ஒரு சொல் இன்னும் ஒட்டவில்லை. என் அம்மா இன்றைக்கும் சனத்துக்கு, "மகள் ஆஸ்பத்திரியில பிள்ளையளுக்கு விளையாட்டுக் காட்டுறா" என்றுதான் சொல்லுவா. பதினொரு வருடமாக அந்த விளையாட்டைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

முன்பள்ளி ஆசிரியை என்று சற்றுக் கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள். கூச்சம் வேண்டாம். இந்த வேலையைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவரான எம்மா பிளாங்க் வியன்னாவில் மொண்டிசோரி ஆசிரியையாக இருந்தவர். 1938இல் அங்கிருந்து தப்பி அமெரிக்காவுக்கு வந்தார். 1955இல் கிளீவ்லாந்து நகர ஆஸ்பத்திரியில், நோயோடு கிடக்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டும் படிப்பும் தேவை என்று ஒரு திட்டத்தைத் தொடங்கினார். அவரும் உங்களைப் போல ஊர் விட்டு ஊர் வந்த ஆசிரியைதான்.

சரி, படிப்பு. கனடாவில் தாதியருக்கும் வைத்தியருக்கும் இருப்பது போல இந்த வேலைக்கு மாகாண லைசென்ஸ் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்பது அமெரிக்காவில் இருக்கும் சைல்ட் லைஃப் சங்கத்தின் சான்றிதழை. அதற்கு ஒரு பட்டம் வேண்டும். அது எந்தத் துறையிலும் இருக்கலாம். அதோடு பிள்ளை வளர்ச்சி, குடும்பம், விளையாட்டு, இழப்பும் துக்கமும், ஆய்வுமுறை என்று 10 பாடங்கள். அதில் சைல்ட் லைஃப் பற்றிய பாடத்தைச் சான்றிதழ் பெற்ற ஒருவரே கற்பித்திருக்க வேண்டும். பிறகு ஆகக் குறைந்தது 600 மணி நேர இன்டர்ன்ஷிப். எல்லாம் முடித்த பிறகு பரீட்சை. பாஸ் பண்ணினால் ஐந்து வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். விதிகளை அடிக்கடி மாற்றுவார்கள், ஆகவே பணம் கட்டுவதற்கு முதல் சங்கத்தின் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாம் ஆள் சொல்வதை நம்ப வேண்டாம், நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

உங்கள் உளவியல் பட்டத்தில் இந்தப் பாடங்களில் பாதி ஏற்கெனவே இருக்கக்கூடும். வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் வெஸ் போன்ற ஒரு நிறுவனத்தில் பாடம் பாடமாக மதிப்பீடு செய்யும் அறிக்கையை எடுங்கள். பட்டம் சமம் என்று மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை போதாது. நான் அதை எடுத்துக் காசைப் பாழாக்கினேன். மீதிப் பாடங்களைத் தனித்தனியாகப் படிக்கலாம். அல்லது ஹமில்டனில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு எம்எஸ்சி இருக்கிறது. இடம் கொஞ்சம், விண்ணப்பிக்கும் ஆட்கள் கனபேர்.

இவ்வளவும் கேட்டால் படிப்புத்தான் பெரிய மலை என்று தோன்றும். இல்லை. நாங்கள் எல்லாரும் தடக்கி விழுகிற இடம் இன்டர்ன்ஷிப். சான்றிதழ் பெற்ற ஒருவரின் கண்காணிப்பில், ஆஸ்பத்திரியில், கிழமைக்கு 40 மணி நேரம் என்று பார்த்தாலும் 15 கிழமை. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரிகளே இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணக் கூடியவை, ஒவ்வொன்றும் ஒரு தரத்துக்கு ஓரிருவரைத்தான் எடுக்கும். எனக்கு இரண்டு தரம் இல்லை என்றார்கள். முதல் நேர்முகத்தில், "ஏன் இந்த வேலை?" என்று கேட்டபோது, "எனக்குப் பிள்ளைகளில் சரியான விருப்பம்" என்றேன். எதிரே இருந்த அம்மா அன்பாகச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனா. அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு ஒரு வருடத்துக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு அந்தக் கதிரையில் இருந்த அத்தனை பேரும் அதையேதான் சொல்லியிருப்போம்.

மூன்றாம் தரம் வேறு மாகாணத்தில் ஒரு ஆஸ்பத்திரி எடுத்தது. இரண்டு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய் நான்கு மாதம் ஒரு நிலவறை அறையில் இருந்தேன். இவர் மாதம் ஒருக்கால் வந்து போவார். ஊரார் பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லப் போய், என் பிள்ளை வீடியோவில் என்னைப் பார்த்து அழாமல் விட்ட நாள் வந்தது. உங்கள் வீட்டுக்காரரோடு இதை முதலே கதைத்துவிடுங்கள், தங்கச்சி. படிப்புச் செலவைக் கதைப்பதற்கும் முதல் இதைக் கதையுங்கள்.

இனி "எனக்குச் சரிவருமா" என்ற கேள்வி. இன்டர்ன்ஷிப்பில் மூன்றாம் கிழமை நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஐந்து வயதுப் பெடியன், தமிழ்ப் பிள்ளை, இரத்தம் எடுக்க வந்திருந்தான். மரக்கச் செய்யும் கிரீம் பூசி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, அது வேலை செய்ய அவ்வளவு நேரம் வேண்டும். கூட வந்த அப்பம்மா, "ஊசி ஒண்டும் இல்லை ராசா, சும்மா கையைப் பாக்கத்தான் வந்தனாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தா. நான் அவனுக்கு முன்னால் குந்தி இருந்து, உண்மையைச் சொல்ல வேண்டும் என்று படித்ததை நினைத்துக்கொண்டு, நல்ல தமிழில் சொன்னேன்: "ஒரு சின்ன ஊசி இருக்கு. எறும்பு கடிக்கிற மாதிரித்தான் இருக்கும்."

அவன் இரண்டு காலையும் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்க்கத் தொடங்கினான். ஊசியை மறந்துவிட்டான். எறும்பு எங்கே என்று தேடினான். பிறகு வந்த அழுகையில் அன்றைக்கு இரத்தம் எடுக்க முடியவில்லை.

என் மேற்பார்வையாளர் ஏசவில்லை. கோப்பி வாங்கித் தந்துவிட்டுக் கேட்டா: "அவனுக்கு எறும்பு என்றால் என்ன என்று உனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் ஏன் அதை அறைக்குள் கொண்டுவந்தாய்?"

அடுத்த நாள் அவன் திரும்பி வந்தான். பஞ்சு, கையில் கட்டும் இறப்பர் பட்டி, ஊசி இல்லாத சிரிஞ்ச் எல்லாவற்றையும் கொடுத்து, ஒரு துணிப் பொம்மைக்கு அவனையே இரத்தம் எடுக்க விட்டோம். பொம்மைக்கு ஏழு தரம் எடுத்தான். ஏழு பிளாஸ்டரும் ஒட்டினான். "சில பிள்ளைகள் கிள்ளுற மாதிரி எண்டு சொல்லுவினம், சில பிள்ளைகள் ஒண்டும் தெரியேல்லை எண்டுவினம். உனக்கு எப்படி இருந்தது எண்டு பிறகு எனக்குச் சொல்லுறியா?" என்று கேட்டேன். கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் அமத்திப் பிடிக்காமல், அப்பம்மாவின் மடியில் நெஞ்சோடு அணைத்தபடி இருத்தினோம். எந்தக் கை என்று அவனே தெரிவு செய்தான். ஊசி வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் விடப் போவதில்லை என்னும்போது அப்படிக் கேட்பதும் பொய்தான். அழுதான், ஆனால் கையை அசைக்கவில்லை. முடிந்ததும், "கிள்ளினது இல்லை, தள்ளினது" என்று எனக்குத் திருத்தம் சொன்னான்.

வேலையின் பெரும்பகுதி இதுதான். சொல் பொறுக்குவது. ஆங்கிலத்தில் இன்னும் வில்லங்கம். ஸ்கானுக்கு முதல் ஏற்றும் சாயத்துக்கும் சாவதற்கும் அங்கே ஒரே ஓசை. "உனக்கு டை ஏற்றப் போகிறோம்" என்று யாராவது அவசரத்தில் சொல்லிவிட்டுப் போனால், பிள்ளை இரவு முழுக்க நித்திரை கொள்ளாது. "நித்திரையாக்குவோம்" என்பதும் அப்படித்தான். வீட்டு நாயை மிருக வைத்தியர் நித்திரையாக்கிய பிறகு அது திரும்பி வரவில்லை என்று பிள்ளைக்குத் தெரியும்.

எங்கள் சனத்தோடு இது இன்னும் கடினம். "சாப்பிடாட்டி டொக்டர் ஊசி போடுவார்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மருந்து தண்டனை என்று நாங்களே படிப்பித்துவிட்டு, பிறகு பயப்படாதே என்கிறோம். நாலைந்து வயதில் பிள்ளைகள் தாங்கள் செய்த குழப்படியால்தான் வருத்தம் வந்தது என்று தாங்களாகவே நம்பக்கூடியவர்கள், நாங்கள் அதற்குச் சாட்சியும் சொல்லிக் கொடுக்கிறோம். பெரிய வருத்தம் என்றால் வேறு கதை. புற்றுநோய் என்று தெரிந்த அன்றே தகப்பன் என்னை நடைபாதையில் மறித்து, "பிள்ளைக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்பார். சில கிழமையில் பிள்ளைக்குத் தலைமயிர் கொட்டுகிறது, அம்மா குளியலறைக்குள் போய் அழுகிறா, பக்கத்துக் கட்டிலில் இருப்பவனுக்கும் இதே மருந்து. அதற்குத் தெரியும். யாரிடமும் கேட்கக்கூடாது என்பதும் தெரியும். அந்தத் தகப்பனோடு நான் சண்டை பிடிப்பதில்லை. "மகள் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் அவ கேட்குமுன் நீங்களே சொல்ல நான் உதவி செய்கிறேன்" என்பேன். சில வீடுகளில் ஒரு மணி நேரம் எடுக்கும், சில வீடுகளில் மூன்று கிழமை. உங்கள் தமிழ் அங்கேதான் உதவும். ஆனால் ஒன்று: உங்களை மொழிபெயர்ப்பாளராக வைத்திருக்கப் பார்ப்பார்கள். வைத்தியத் தகவலுக்கு ஆஸ்பத்திரியின் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அது உங்கள் வேலை இல்லை.

முடியாத நாட்களும் உண்டு. பிழைக்காத பிள்ளையின் கைத்தடத்தைச் சாயத்தில் எடுத்துக் கொடுப்பதும் இந்த வேலைதான். வெளியில் இருக்கும் அண்ணனுக்கு, "தங்கச்சி செத்துப் போயிட்டா" என்று அந்தச் சொல்லாலேயே சொல்லவேண்டி வரும். "நித்திரை கொள்ளுறா", "கடவுளிட்டப் போயிட்டா" என்றால் அவன் எப்ப எழும்புவா, எப்ப வருவா என்று கேட்பான். நான் முதல் தரம் சொன்னபோது என் குரல் வரவில்லை. அன்று பின்னேரம் காரில் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சம்பளத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாழலாம். தாதியின் சம்பளத்தை நினைத்து வரவேண்டாம். காசு முதல் என்றால் தாதிப் படிப்புக்கே போங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. லண்டனில் அக்கா இருக்கிறா, அங்கே போகவும் கூடும் என்றீர்கள். அங்கே இதே வேலைக்கு ஹெல்த் ப்ளே ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர், படிப்பும் பதிவும் வேறு. எந்த நாடு என்று முடிவெடுத்த பிறகு பாடங்களுக்குக் காசைக் கட்டுங்கள்.

இப்போதைக்கு இரண்டு வேலை செய்யுங்கள். டேகெயார் ஒன்றில் சேருங்கள், கனேடிய அனுபவமும் ஒரு சிபாரிசுக் கடிதமும் கிடைக்கும். அதோடு பிள்ளைகள் பிரிவு உள்ள ஒரு ஆஸ்பத்திரியில் தொண்டராக விண்ணப்பியுங்கள். விளையாட்டறைப் பொம்மைகளைத் துடைத்து அடுக்கும் வேலையைத்தான் முதலில் தருவார்கள். ஆறு மாதம் துடையுங்கள், அந்த நேரம் அங்கே வேலை செய்பவர்கள் பிள்ளைகளோடு எப்படிக் கதைக்கிறார்கள் என்று காதைக் கொடுங்கள். பொலிஸ் சான்றிதழ் கேட்பார்கள், காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். எல்லாவற்றையும் விட இழுபடுவது தடுப்பூசி ஆதாரம். அம்மாவிடம் சொல்லி அலுமாரியில் உங்கள் சின்ன வயது அட்டையைத் தேடி, இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, இரத்தப் பரிசோதனையில் சிலவற்றைக் காட்டலாம். கை நீட்ட வேண்டி வரும், அவ்வளவுதான்.