ஆவணப்பட நிதி: எங்கே சறுக்குகிறது?

கேள்வி: மலையக லயன் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வாழ்க்கை பற்றிய ஆவணப்படத்துக்கு வெளிநாட்டு நிதியம் ஒன்றிடம் விண்ணப்பித்தேன். காரணம் சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். என்ன பிழை? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: கருப்பொருளை விடுங்கள், பெரும்பாலும் வரவு செலவுத் திட்டந்தான் காட்டிக்கொடுக்கும். கமெரா வாடகையைச் சதம் சதமாக எழுதுகிறவர்கள் ஆங்கில உபதலைப்பு, ஒலிக்கலவை, பாடல் உரிமை, காட்சிகளைப் பிரதி எடுத்து வைக்கும் இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றை மறந்துவிடுகிறார்கள். படம் முடியாது என்பது தெரிவாளருக்கு அங்கேயே விளங்கிவிடும்.

அடுத்தது மாதிரிக் காட்சி. ட்ரோன் காட்சியும் சோக இசையும் வேண்டாம். ஒருவர் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கரோடு வாதாடுவதை வெட்டாமல், உபதலைப்போடு மூன்று நிமிடம் காட்டுங்கள். தோட்ட நிருவாகத்தின் அனுமதிக் கடிதத்தையும் இணையுங்கள். அது இல்லாவிட்டால் படப்பிடிப்பு வாசலிலேயே நின்றுவிடும்.

எங்கே கேட்பது? அம்ஸ்ரடாம் ஆவணப்பட விழாவின் இட்ஃபா பெர்த்தா நிதியம் ஆசிய இயக்குநர்களுக்கும் உதவுகிறது. ஆனால் அது தேடுவது தொண்டு நிறுவன அறிக்கையை அல்ல, இயக்குநரின் சொந்தப் பார்வையை. பல நிதியங்கள் பணத்தைத் தவணையாகத்தான் தரும். கடைசித் தவணை படத்தையும் கணக்கையும் ஒப்படைத்த பிறகே வரும். அதுவரை எடிட்டருக்குக் கொடுக்கக் கையில் காசு வைத்திருங்கள்.