எழுத்து வகுப்பில் சேர்க்கும் முன், திருத்திய தாள் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்

மூன்று ஆன்லைன் வகுப்புகளின் விவரத்தை அனுப்பி, எதில் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மகளுக்கு 12 வயது, வீட்டிலேயே படிக்கிறாள். கணக்கும் அறிவியலும் நீங்கள் சொல்லித்தருவதே போதுமானதாக இருக்கிறது, நிறைய வாசிக்கவும் செய்கிறாள். எழுத உட்கார்ந்தால் மட்டும் நாலு வரிக்கு மேல் நகர்வதில்லை. நீங்கள் திருத்தினால் அழுகிறாள், திருத்தாமல் விட்டால் உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன், இதில் உங்கள் மீது குறை எதுவும் இல்லை. வீட்டில் கற்பிக்கும் பெற்றோர் பலருக்கும் சிக்கலாகும் பாடம் எழுத்துதான். கணக்கில் விடை தப்பென்றால் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம். தான் யோசித்து எழுதிய வரியில் அம்மா கோடு போட்டால், பிள்ளைக்கு அது தன்னையே அடித்துவிட்டதுபோல் படுகிறது. அதுவும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் ரொம்பவே படும். வெளியாள் ஒருவர் படித்துச் சொல்லட்டும் என்று நீங்கள் நினைத்தது சரியான முடிவு.

ஆனால் நீங்கள் அனுப்பிய மூன்று விவரங்களிலும் ஒரே விஷயம் விடுபட்டிருக்கிறது. எத்தனை தலைப்பு, எத்தனை வீடியோ, கடைசியில் சான்றிதழ் உண்டா, எல்லாம் இருக்கிறது. பிள்ளை எழுதி அனுப்பிய பிறகு அந்தத் தாளுக்கு என்ன ஆகும் என்பது எங்கும் இல்லை. நான் வகுப்பைத் தேர்ந்தெடுப்பது அதை வைத்துத்தான். டெமோ வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு அழகாகப் பேசினாலும், உங்கள் மகள் எழுதக் கற்பது அந்தத் தாள் அவளிடம் திரும்பி வரும்போதுதான்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள். இதே வயதுப் பிள்ளை ஒருவர் எழுதிய கட்டுரையை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயரை மறைத்து, ஆசிரியர் எழுதிய குறிப்புகளுடன் காட்ட முடியுமா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் யாரும் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். மாணவர் தாளைக் காட்டுவதில்லை என்று கொள்கை வைத்திருந்தால், மாதிரிக் கட்டுரை ஒன்றைத் திருத்திக் காட்டச் சொல்லலாம்.

தாள் வந்ததும் குறிப்புகளை மட்டும் தனியாகப் படியுங்கள். அந்தக் குறிப்பை அப்படியே எடுத்து வேறொரு பிள்ளையின் கட்டுரையில் ஒட்டினாலும் பொருந்துமா? ‘நன்று’, ‘இன்னும் விரிவாக எழுதலாம்’, ‘தெளிவு தேவை’ என்பதெல்லாம் எந்தத் தாளுக்கும் பொருந்தும். நான்சி சோமர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் கல்லூரி ஆசிரியர்களின் குறிப்புகளை ஆராய்ந்து 1982இல் எழுதியதும் இதைத்தான்: பெரும்பாலான குறிப்புகள் எந்தக் கட்டுரையில் வேண்டுமானாலும் முத்திரைபோல் குத்தக்கூடியவையாக இருந்தன. ‘பாட்டி கோபப்பட்டாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் என்ன செய்ததைப் பார்த்து உனக்கு அது தெரிந்தது?’ என்று கேட்டிருந்தால், அந்த ஆசிரியர் உண்மையிலேயே படித்திருக்கிறார் என்று அர்த்தம். இப்படி ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போதே பிள்ளையின் நாலு வரி எட்டு வரியாகிவிடும்.

அடுத்து, இரண்டாவது வரைவு உண்டா என்று பாருங்கள். குறிப்பு வந்தபின் பிள்ளை திரும்ப எழுதி, ஆசிரியர் அதையும் படிக்கிறாரா? சோமர்ஸ் 1980இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், மாணவர்கள் திருத்துவது என்றால் சொல்லை மாற்றுவது என்றே நினைத்தார்கள். அனுபவமுள்ள எழுத்தாளர்கள் என்ன சொல்லவருகிறோம், எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதையே மாற்றிப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்களே அப்படி என்றால், 12 வயதுப் பிள்ளை தானாக அதைக் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. யாராவது உடன் இருந்து செய்யவைக்க வேண்டும். வாரம் ஒரு புதுத் தலைப்பு கொடுக்கும் வகுப்பைவிட, மாதம் இரண்டே கட்டுரை எழுதவைத்து ஒவ்வொன்றையும் திரும்ப எழுதவைக்கும் வகுப்பு மேல்.

மார்க் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வீட்டுக்கல்வியில் எங்கேயாவது ஒரு மதிப்பெண் இருந்தால் மனதுக்கு நிம்மதி என்பது புரிகிறது. ஆனால் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலில் 5, 6ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வைப் பாருங்கள். குறிப்பு மட்டும் பெற்ற பிள்ளைகளுக்கு ஆர்வமும் திறனும் கூடின. மார்க் மட்டும் பெற்றவர்களுக்கு அது நடக்கவில்லை. மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கும் நடக்கவில்லை. எண்ணைப் பார்த்த பிறகு குறிப்பு மனதில் ஏறுவதில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் மகள் இப்போதே எழுத்தைக் கண்டு பயப்படுகிறாள். முதல் வகுப்பாவது மார்க் இல்லாததாக இருக்கட்டும்.

முதல் விவரத்தில் ‘இலக்கணம் 40 பாடம்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஸ்டீவ் கிரஹாம், டொலோரஸ் பெரின் என்ற இரு ஆய்வாளர்கள் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். திட்டமிடவும் திருத்தவும் வழிமுறை சொல்லித்தருவது, படித்ததைச் சுருக்கி எழுதுவது, பிள்ளைகள் சேர்ந்து எழுதுவது இவையெல்லாம் நன்றாகப் பலன் தந்திருந்தன. இலக்கணத்தைத் தனிப்பாடமாக நடத்தியது மட்டும் எழுத்தின் தரத்தைக் கூட்டவில்லை, கொஞ்சம் குறைத்திருந்தது. அதற்குப் பதிலாக வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். ‘மழை பெய்தது. ஆட்டம் நின்றது. பிள்ளைகள் கலையவில்லை’ என்ற மூன்றை ‘மழையால் ஆட்டம் நின்றபிறகும் பிள்ளைகள் கலையவில்லை’ என்று ஒன்றாக்குவது. விதி சொல்லாமலே இலக்கணம் கைக்கு வரும்.

நேரலை வகுப்பா, பதிவுசெய்த வீடியோவா என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு நேரலையையே சொல்வேன். அவள் எழுதுவதை இதுவரை அம்மா மட்டும்தான் படித்திருக்கிறார். தன் வயதுப் பிள்ளைகள் நாலு பேர் கேட்டுச் சிரிப்பதும், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று கேட்பதும் எந்த வீடியோவிலும் கிடைக்காது. கூச்சம் அதிகம் என்றால் முதல் சில வாரம் கேமராவை அணைத்து வைக்க விடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேட்ச் அளவை விசாரிக்கும்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஒரு தாளைக் கவனமாகப் படித்துக் குறிப்பு எழுத 15 நிமிடம் என்று வைத்தால், 20 பிள்ளைகளுக்கு 5 மணி நேரம். அவரே நாலு பேட்ச் எடுத்தால் 20 மணி நேரம். வகுப்பில் எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், மொத்தம் எத்தனை தாள் அவர் கையில் என்றும் கேட்க வேண்டியது இதனால்தான். குறிப்பை ஆசிரியர் எழுதுகிறாரா, மென்பொருள் எழுதுகிறதா என்பதையும் நேராகக் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவைப் பிள்ளைகள் பயன்படுத்துவது பற்றி அவர்கள் கொள்கை என்ன? சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது அல்ல என்று அதன் விதிமுறையே சொல்கிறது. ‘செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறது’ என்று மட்டும் பதில் சொன்னால் எனக்குத் திருப்தி இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் வெளியிட்ட அப்படியொரு கருவியை, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. சொந்தமாக எழுதிய பிள்ளை மீது பழி விழுந்தால் அந்தக் காயம் ஆற நாளாகும். வரைவுகளைப் பார்க்கும் ஆசிரியருக்குக் கருவி தேவைப்படாது. கூகுள் டாக்ஸில் எழுதினால் கட்டுரை எப்படி வளர்ந்தது என்று பழைய பதிப்புகளில் தெரிந்துவிடும்.

வகுப்பைப் பதிவு செய்கிறார்களா, பிள்ளையின் எழுத்தைப் பெயரோடு வெளியிடுவார்களா, ஆசிரியர் பிள்ளைக்குத் தனியாக அனுப்பும் செய்திகளை நீங்கள் பார்க்க முடியுமா என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நேற்று படித்த கதையை ஐந்து நிமிடம் வாயால் சொல்லச் சொல்லி, போனில் பதிவு செய்யுங்கள். சொல்லும்போது சரளமாக வந்து, தாளில் மட்டும் நின்றுபோனால், சிக்கல் யோசனையில் இல்லை, கையில் இருக்கலாம். தட்டச்சு செய்யவோ, சொல்லச்சொல்லப் பதிவாகும் வசதியைப் பயன்படுத்தவோ வகுப்பில் அனுமதி இருக்க வேண்டும். எழுதும்போது கை வலிக்கிறது, எழுத்துகள் ஒழுங்காக விழுவதில்லை, பல வருடமாக இப்படித்தான் என்றால், எழுத்துக் குறைபாடு இருக்கிறதா என்று முதலில் நிபுணரிடம் காட்டுங்கள். அது தெரியாமல் எந்த வகுப்பில் சேர்த்தாலும் அவளுக்கு வேதனைதான் மிஞ்சும். வாயால் சொல்வதும் தடுமாறினால், கதையை முன்பின் வரிசைப்படுத்தச் சொல்லித்தரும் வகுப்பு வேண்டும்.

சேர்த்த பிறகு உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, கொஞ்சம் கஷ்டமான வேலை. அனுப்புவதற்கு முன் அவள் கட்டுரையைச் செப்பனிடாதீர்கள். நீங்கள் திருத்தியது போனால், ஆசிரியர் உங்களுக்குத்தான் பாடம் எடுப்பார். பிழையோடு போகட்டும். எல்லா வரைவையும் தேதி போட்டு ஒரு கோப்பில் வைத்துவாருங்கள். பின்னால் பள்ளியில் சேர்க்க நினைத்தால், இவள் எப்படி எழுதுவாள் என்று கேட்பவருக்குக் காட்ட அது கையில் இருக்கும்.

நீங்கள் அனுப்பியதில் மூன்றாவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. எட்டுப் பேர் கொண்ட பேட்ச், நேரலை, மாதம் இரண்டு கட்டுரை. ஆனாலும் ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டாதீர்கள், எட்டு வார வகுப்பு இருக்கிறதே, அதில் சேருங்கள். இந்த வாரமே மாதிரித் தாளைக் கேட்டு எழுதுங்கள். வந்தால் எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். தர மறுத்தால் இந்த பேட்சை விட்டுவிடலாம். அதுவரை மகள் போனில் சொல்லும் கதைகளை நீங்கள் எழுதிக்கொடுங்கள், அடுத்த வரியை மட்டும் அவள் எழுதட்டும்.