சிங்கப்பூரில் விடுதிக்கு அருகிலேயே நல்ல சாப்பாட்டுக் கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜாலான் புசார் பக்கம் நான்கு நாள் தங்கப் போவதாகவும், கைப்பேசியில் தேடினால் சுற்றுவட்டாரத்துக் கடைகள் எல்லாமே நாலரை நட்சத்திரத்துக்கு மேல் காட்டுவதால் எதை நம்புவது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தோடு முதன்முறையாக வருகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டே பதில் எழுதுகிறேன். இந்த ஊரில் ஒரு கடை நல்ல கடையா என்பது, அது எங்கே இருக்கிறது என்பதைவிட நீங்கள் எத்தனை மணிக்கு அதன் முன்னால் போய் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நட்சத்திரங்களைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது.

இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அத்தா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சிராங்கூன் சாலை வட்டாரத்தில் 21 ஆண்டுகள் தம் பிரியாணிக் கடை நடத்தியவர். கடையை 2019இல் மூடிவிட்டோம். ஆகவே நான் எங்கள் கடைக்கு ஆள் பிடிக்கிறேன் என்று யாரும் பின்னூட்டம் இட வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பார். ஆட்டிறைச்சிக்கு ஒன்று, கோழிக்கு ஒன்று என்று இரண்டே சட்டி. பத்தரைக்கு மூடியைத் திறந்தால் ஒன்றரை, மிஞ்சிப்போனால் இரண்டு மணிக்குள் சட்டியின் அடி தெரிந்துவிடும். அதன்பிறகு அத்தாவும் அம்மாவும் பாத்திரம் கழுவுவார்கள்.

2017ஆம் ஆண்டில் ஒருநாள், வெளியூரிலிருந்து வந்த ஒருவர் எங்கள் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு வந்ததாகவும், பிரியாணி தீர்ந்துவிட்டதாகவும், ஒரு முதியவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார். கைப்பேசி பார்க்காத அத்தாவுக்கு அதை வாசித்துக் காட்டியது நான்தான். இன்றுவரை அதற்காக வருந்துகிறேன். அவர் கோபப்படவில்லை. "வந்தவங்கள வெறும் வயித்தோட அனுப்பிட்டோமேப்பா" என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து மூன்றாவதாக ஒரு சட்டி வைத்தார். மூன்று மணிக்கு வருபவருக்காக வைத்த அந்தச் சோறு, கூட்டம் குறைந்த நேரத்தில் சட்டிக்குள்ளேயே வெந்துகொண்டு கிடந்தது; அரிசி குழைந்து, கறி நார்நாராகப் பிரிந்து, மசாலா அடியில் தங்கிவிட்டது. ஒன்பது நாள் அப்படி வைத்தார். பத்தாம் நாள், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த ஒரு சீனப் பெரியவர் பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனதைப் பார்த்ததும் மூன்றாவது சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். ஒரு கடையில் சாப்பாடு தீர்ந்துபோவது குறையன்று என்பதைப் புரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு அந்த ஒன்பது நாள் தேவைப்பட்டது.

மதிப்பீடு எழுதுபவர்கள் எல்லாரும் நியாயமற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. பொறுப்போடு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த எண் எப்படி ஏறுகிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 மே மாதம் என் மாமா மகன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இராமநாதபுரத்திலிருந்து வந்து, உங்களைப் போலவே ஜாலான் புசார் பக்கம் ஒரு விடுதியில் தங்கினார். எங்கள் மூவறை வீட்டில் அவர்களைத் தங்கவைக்க இடமில்லாமல் போனது எனக்கு ஏற்கெனவே மனக்குறை. வந்த அன்றிரவு எனக்கு வேலை முடியவில்லை. மச்சான் வரைபடச் செயலியில் 4.8 காட்டிய ஓர் உணவகத்தைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறார். பிள்ளைகள் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பணியாளர் மேசைக்கு வந்து, கண்ணெதிரே ஐந்து நட்சத்திரம் போட்டால் இரண்டு கிண்ணம் ஐஸ்கிரீம் இலவசம் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மச்சானும் போட்டுவிட்டார். மீன்குழம்பு ஆறிப்போயிருந்ததை எழுத அவருக்கு இடமே கிடைக்கவில்லை.

பிறகு கட்டணச் சீட்டு வந்தது. சில உணவகங்களின் விலைப்பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். முதல் குறிக்கு 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவதற்கு, அதையும் சேர்த்த தொகையின்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) சாப்பிட்டால் 119 வெள்ளி 90 காசு கட்ட வேண்டும். மச்சான் 140 வெள்ளி என்று மனத்துக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இரண்டு குறிகளும் சேர்ந்து அது ஏறத்தாழ 168 வெள்ளியானது. அதுபோக, கேட்காமலே மேசைக்கு வந்த ஈரத்துண்டுக்கும் அப்பளத்துக்கும் தனிக் காசு. குளிரூட்டிய உணவகத்துக்கு வாடகையும் ஆள்சம்பளமும் அதிகம் என்று இங்கே சிலர் வாதிடுவார்கள். அது சரியே, அந்த வரியும் சட்டப்படியானதே. ஆனாலும் கேட்காத பொருளை மேசையில் வைத்துவிட்டு அதற்குக் காசு வாங்கும் வழக்கத்தை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. விருந்தாளிக்குச் சோறு போட்டு வளர்ந்த நம்மவர்கள் கடையிலேயே அது நடக்கும்போது இன்னும் வலிக்கிறது.

இதைக் கேள்விப்பட்ட அத்தா மறுநாள் காலை ஆறரை மணிக்கே அந்த விடுதியின் வரவேற்பறையில் போய் உட்கார்ந்துவிட்டார். அப்போது அவருக்கு 74 வயது. அன்று நானும் விடுப்பு எடுத்திருந்தேன். அவர் செய்த ஒவ்வொன்றையும் உங்களுக்கு அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் என் பதிலே அதுதான்.

முதலில், இரவு வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த பாதுகாவலரிடம் போய், "தம்பி, நீங்க எங்க பசியாறுவீங்க, எத்தன மணிக்கு?" என்று கேட்டார். 'நல்ல கடை எது?' என்று அவர் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால், ஊருக்குப் புதியவர்களுக்கு எது பிடிக்கும் என்று அவர்களே யோசித்து, பெரிய பெயர்ப்பலகை உள்ள கடையைத்தான் காட்டுவார்கள். தன் சம்பளத்தில் தினமும் சாப்பிடுகிறவர் தான் போகும் இடத்தைச் சொன்னால் அதில் சுவை, விலை இரண்டுக்கும் உத்தரவாதம் இருக்கிறது. விடுதியில் அறை சுத்தம் செய்யும் அம்மாவிடமும் டாக்சி ஓட்டுநரிடமும் இதே கேள்வியை நீங்கள் கேட்கலாம்.

பாதுகாவலர் சொன்னது இரண்டு தெரு தள்ளி ஒரு பிராட்டா (ஊரில் பரோட்டா என்பீர்கள்) கடை. அத்தா உடனே உட்காரவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். சுட்டு அடுக்கிய பிராட்டாக்கள் கல்லோரத்தில் காத்திருந்தால் அடுத்த கடைக்குப் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கடையில் நெய் தடவிய மாவு உருண்டைகள் ஈரத்துணிக்கு அடியில் இருந்தன. ஆள் கேட்ட பிறகே கடைக்காரர் ஓர் உருண்டையை எடுத்து, தட்டி, வீசி, மடித்துக் கல்லில் போட்டார். வெந்ததும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து ஒரே அடி. அடுக்குகள் பிரிந்து ஆவி வெளியே வந்தது. "கை சுடுதுன்னு பயப்படுறவன் இந்த அடிய அடிக்க மாட்டான், பிராட்டா அட்டையா இருக்கும்" என்று சொல்லி அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பதினொன்றே காலுக்கு நடந்தே தேக்கா நிலையத்துக்கு, அதாவது பல சிறு சாப்பாட்டுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் உணவங்காடிக்கு, போனோம். பன்னிரண்டு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிட்டால் குடும்பமாக உட்கார மேசை கிடைக்காது; காலியாகத் தெரியும் மேசையிலும் ஒரு மெல்லிழைத்தாள் பொட்டலம் இருக்கும், அது ஏற்கெனவே ஒருவர் பிடித்துவைத்த இடம் என்று பொருள். அங்கே பிரியாணிக் கடைகள் பக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன, எல்லாக் கடைகளிலும் படங்கள் ஒன்றுபோலவே இருக்கும். அத்தா எந்தக் கடையையும் பார்க்காமல், சாப்பிட்டவர்கள் தட்டுகளைத் திருப்பி வைக்கும் அடுக்கை நோக்கி நடந்தார்.

இதை நான் அதுவரை யோசித்ததே இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல் உணவங்காடி நிலையங்களில் அவரவர் தட்டை அவரவரே எடுத்து வைக்க வேண்டும். முதல் முறை எழுத்துவழி எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி அபராதம். (உங்களுக்கும் இது பொருந்தும், மறந்துவிடாதீர்கள். ஹலால் தட்டுக்கும் மற்றத் தட்டுக்கும் அடுக்கு தனித்தனி.) பல கடைகள் தட்டுக்கென்று ஒரு நிறம் வைத்திருக்கின்றன. அத்தா அந்த அடுக்கின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். பச்சைத் தட்டுகளில் எலும்பும் ஏலக்காயும் மட்டும் கிடந்தன. ஆரஞ்சுத் தட்டுகளில் சோறு கைப்பிடி கைப்பிடியாக மிச்சம் இருந்தது. பச்சைத் தட்டுக் கடை எது என்று தேடிப் போய் வரிசையில் நின்றோம். வரிசை நீளமாக இருந்தது. நீளமான வரிசை எல்லாம் நல்ல கடை என்று சொல்ல மாட்டேன், ஒருவரே நின்று மெதுவாகப் பரிமாறினாலும் வரிசை நீளும். ஆனால் காலியான தட்டு பொய் சொல்லாது. எல்லாருக்கும் வாங்கியதற்குப் பலகையில் எழுதியிருந்த விலைக்கு மேல் ஒரு காசு கூடக் கொடுக்கவில்லை. உணவங்காடிகளில் சேவைக் கட்டணம் கிடையாது.

மாலை ஐந்து மணிக்கு மச்சான் பிள்ளைகள் மறுபடி பிரியாணி கேட்டபோது அத்தா மறுத்துவிட்டார். அந்த நேரம் கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாமே பொறுக்கிக் கொடுத்தால் பொரித்து வெட்டித் தரும் இந்திய ரோஜாக்குக்கு உரியது என்றார். இரவில் கடற்கரைச் சாலையில் கோல்டன் மைல் உணவங்காடிக்குப் போய், சிவந்த குழம்பில் மூழ்கிய ஆட்டெலும்பை, அதாவது சூப் துலாங்கை, வாங்கிக் கொடுத்தார். எலும்புக்குள் உறிஞ்சுகுழலை விட்டு மஜ்ஜையை இழுத்த பிள்ளைகளின் முகமும் சட்டையும் முழுக்கச் சிவப்பு. ஐஸ்கிரீமைப் பற்றி அவர்கள் பிறகு பேசவேயில்லை.

நீங்கள் சைவமா என்று குறிப்பிடவில்லை. சைவமாக இருந்தாலும் கவலை வேண்டாம். சிராங்கூன் சாலையில் 1947 முதல் இயங்கும் கோமள விலாஸ் உங்களுக்கு நடக்கும் தொலைவுதான், காலையிலேயே போய்விடுங்கள். பெரும்பாலான உணவங்காடிகளில் சீனச் சைவக் கடை ஒன்றாவது இருக்கும், ஆனால் அங்கே இறைச்சி போலவே செய்த சோயாப் பண்டங்களைப் பார்த்து உங்கள் வீட்டுப் பெரியவர்கள் திடுக்கிடக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

ஒரே ஓர் எச்சரிக்கை. உணவங்காடி நிலையங்கள் துப்புரவுக்காக அவ்வப்போது முழுநாள் மூடப்படும். அந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்னதாகவே வெளியிடுகிறது. தனித்தனிக் கடைகளின் ஓய்வு நாள் அவரவர் வசதிப்படி மாறும், திங்கட்கிழமைகளில் நிறையக் கடைகள் திறக்காது. நீங்கள் வரும் நாலு நாளில் திங்கள் இருந்தால் அன்றைக்கு முர்தபாவை (இறைச்சியும் முட்டையும் உள்ளே வைத்து மடித்துச் சுடும் ரொட்டி) வைத்துக்கொள்ளுங்கள்; சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலையில் 1908 முதல் போட்டுக்கொண்டிருக்கும் ஸம் ஸம் கடைக்கு உங்கள் விடுதியிலிருந்து நடந்தே போய்விடலாம்.

சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரம் 2020 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது அத்தா தொலைக்காட்சி முன்னால் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார். எங்கள் கடை மூடி ஓராண்டுக்கு மேலாகியிருந்தது, எடுத்து நடத்த நான் முன்வரவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை.

நீங்கள் போகும் நேரத்தில் சட்டி காலியாக இருந்தால், உள்ளே பாத்திரம் துலக்குபவரிடம் நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேளுங்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து சொல்வார். சில பேர் ஒரு தட்டை உங்களுக்கென்று எடுத்தும் வைப்பார்கள், அத்தா வைத்திருக்கிறார்.