பழைய குடும்பப் போட்டோ, கல்யாணப் பத்திரிகை, ஆட்டோகிராஃப் நோட்டு எல்லாம் வைத்து ஸ்கிராப்புக் செய்ய ஆசை. நாளாவட்டத்தில் கெடாமல் இருக்க எப்படிச் செய்ய வேண்டும்?

நீங்கள் சொல்லும் மூன்றும் மூன்று விதமாகக் கெடும். போட்டோவைக் கெடுப்பது பசையும் மோசமான பிளாஸ்டிக்கும். பத்திரிகை தன் சாயத்தால் பக்கத்தில் இருப்பதைக் கெடுக்கும். ஆட்டோகிராஃப் நோட்டில் மையே மங்கிப்போகும். ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஒரு விதி உண்டு: அசல் எதன்மேலும் பசை படக் கூடாது. வெட்டுவதும் ஒட்டுவதும் அலங்கரிப்பதும் நகலோடு நிற்கட்டும். அசலை வைத்தே தீர வேண்டுமென்றால், எப்போது வேண்டுமானாலும் சேதமில்லாமல் கழற்றி எடுக்கும்படி வையுங்கள்.

முதல் வேலை கத்தரிக்கோல் அல்ல, ஸ்கேனர். அதற்கும் முன்னால், பழைய ஆல்பம் இருக்கிற நிலையிலேயே பக்கம் பக்கமாக மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்கு அருகில் எது இருந்தது என்ற வரிசை, பிற்பாடு வருஷத்தைக் கண்டுபிடிக்க உதவும். பிறகு ஸ்கேன். 4×6 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) போதும். 300 டிபிஐயில் பிரின்ட் போடும்போது நீளம், அகலம் இரண்டும் இரட்டிப்பாக வரும். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு 1200 வையுங்கள். பின்பக்கத்தையும் விடாதீர்கள். ஸ்டுடியோ முத்திரையும் யாரோ பென்சிலில் கிறுக்கிய தேதியும் அங்கேதான் இருக்கும். எதை முதலில் ஸ்கேன் செய்வது என்றால், 1970, 80களின் கலர் படங்களை. நன்றாகக் கழுவிப் போட்ட கறுப்பு வெள்ளைப் படம் தாக்குப்பிடிக்கும். அந்தக் காலத்துக் கலர் பிரின்டின் சாயமோ இருட்டில் வைத்திருந்தாலும் மங்கிச் சிவந்துபோகும்.

உறவினர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாங்கினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும். நகல்களை லேபில் கொடுத்துப் போட்டோ பேப்பரில் போடுங்கள். வீட்டு இங்க் டேங்க் பிரின்டர்களில் கலர் மை பெரும்பாலும் சாய மை. ஈரக் காற்றில் கசியும், வெளிச்சத்தில் வெளிறும்.

பிளாஸ்டிக் தாளைத் தூக்கி, பிசுபிசுப்பான அட்டையில் படத்தை வைத்து மூடுகிற ஆல்பம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதுதான் பெரிய வில்லன். அந்தப் பசை நாளாக ஆகக் காய்ந்து இறுகும், பழுப்புக் கோடுகளாகப் படத்தில் ஊறும். மேலே இருக்கும் தாள் பிவிசியாக இருந்தால் அதிலிருந்து அமில வாயு வெளிவரும். (ஒட்டுகிற வேலையைச் சுலபமாக்கும் ஆசை பழையது. அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873-இலேயே, முன்கூட்டிப் பசை தடவி, நனைத்து ஒட்டுகிற ஸ்கிராப்புக்குக்குக் காப்புரிமை வாங்கினார்.) பிசுபிசுப்பு ஆல்பத்திலிருந்து படத்தை எடுக்க, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலை ஒரு மூலையில் நுழைத்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெதுவாக அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுங்கள். நூல் படத்தின் பக்கம் சாயாமல் அட்டையை ஒட்டியே போகட்டும். நகரவில்லை என்றால், அட்டையின் பின்பக்கத்திலிருந்து ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்துச் சில விநாடி காட்டினால் பசை இளகும். ஃப்ரீசரில் வைத்து எடுக்கும் முறையையும் பலர் சொல்வார்கள். குளிரில் பசை உடைந்து விடுபடுவது உண்மைதான். ஆனால் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்கரை ஊர்க் காற்றில் வெளியே எடுத்ததும் படத்தின்மேல் நீர் கோத்துக்கொள்ளும், அதன் மேற்பூச்சு ஜெலட்டின் ஊறிவிடும். ஏசி அறை இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். படம் வளைய ஆரம்பித்தால் அதோடு நிறுத்துங்கள். படத்தைச் சுற்றி அட்டையையே வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே கூடாது. கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சை படிந்த படத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள். பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்திருக்கும், உருவம் துணியோடு வந்துவிடும். நன்றாக உலரவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள்.

இனி தாள். ஸ்கிராப்புக் உலகத்தில் 12×12 அங்குலம்தான் பழக்கமான அளவு. ஆனால் நம் ஊரில் ஏ4 வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். தாள், உறை, ரிங் ஃபைல் எல்லாம் தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும், பத்து வருஷம் கழித்துப் பக்கம் சேர்க்க நினைத்தாலும் கிடைக்கும். படம் ஒட்டும் அடித்தாளுக்கு 220 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). அதற்குக் கீழே போனால் படத்தின் கனத்தில் தொய்யும், 300-க்கு மேல் போனால் ஃபைல் சீக்கிரம் நிரம்பிவிடும். பொட்டலத்தில் ‘ஆசிட் ஃப்ரீ, லிக்னின் ஃப்ரீ’ என்று இரண்டுமே போட்டிருக்க வேண்டும். லிக்னின் என்பது மரக்கூழில் இருக்கும், தாளைப் பழுப்பாக்கும் பொருள். போட்டோவோடு ஒத்துப்போகுமா என்பதற்கென்றே ஐஎஸ்ஓ 18916 என்ற சோதனை இருக்கிறது. அதில் தேறியது என்று அச்சிட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பள்ளி புராஜெக்டுக்கு வாங்கும் சார்ட் பேப்பர் வேண்டவே வேண்டாம். அதன் சாயம் ஈரத்தில் இறங்கும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு சுற்று வந்தால் நல்ல கனத் தாள்களைத் தொட்டுப் பார்த்தே எடுக்கலாம். சந்தேகமாக இருந்தால், ஒரு துண்டில் பாதியை அட்டையால் மூடி ஒரு வாரம் வெயில்படும் ஜன்னலில் வையுங்கள். திறந்த பாதி பழுத்திருந்தால் அதில் லிக்னின் இருக்கிறது. இந்தச் சோதனை லிக்னினைக் காட்டுமே தவிர அமிலத்தை நிச்சயமாகக் காட்டாது. அதற்குத் தனியாக, தாளில் கோடு போட்டால் அமிலத்தை நிறத்தால் காட்டும் பிஎச் பேனா விற்கிறது.

தாளுக்கு நார் ஓட்டம் என்று ஒன்று உண்டு. நீளவாக்கிலும் அகலவாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், சுலபமாக வளையும்போது மடிப்புக்கோடு எந்தத் திசையில் விழுமோ அதுதான் நார் ஓட்டம். அது பைண்டிங் பக்கத்துக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். மாறிப்போனால் மழைக்காலத்தில் பக்கம் அலையலையாக நெளியும்.

உறைகளில் பாலிப்ராப்பிலீன், பாலியெஸ்டர் இரண்டும் நல்லவை, பிவிசி ஆகாது. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், ஒரு மூலையை வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே வந்தால் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலித்தீன். மூழ்கினால் பிவிசியாகவோ பாலியெஸ்டராகவோ இருக்கலாம். பாலியெஸ்டர் விறைப்பாக, சலசலவென்று, மணமில்லாமல் இருக்கும். பிவிசி தொளதொளவென்று, புது ரெயின்கோட்டு மணம் அடிக்கும். ஃபைலில் வட்ட வளையத்தைவிட ‘டி’ வடிவ வளையம் மேல். பக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று நேராகப் படியும்.

படத்தைப் பக்கத்தில் நிறுத்த, மூலைகளை மட்டும் செருகிப் பிடிக்கும் முக்கோண உறையான போட்டோ கார்னர்தான் சரி. கடையில் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். அமிலமில்லாத மெல்லிய தாளில் 15 மி.மீ. அகலம், 60 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். மேல் விளிம்பின் நடுப்புள்ளியிலிருந்து இரண்டு பாதியையும் கீழே மடித்தால், இரண்டு கால்களும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், மேலே முக்கோணம் நிற்கும். தொங்கும் மிச்சத்தை வெட்டிவிடுங்கள். மடிப்பில்லாத பக்கம் முன்னால் வர, படத்தின் மூலையை உள்ளே செருகி, கால்களின் வெளிப்பக்கத்தில் மட்டும் டபுள் சைடு டேப் வைக்க வேண்டும். நான்கு மூலையிலும் மாட்டிய பிறகே பக்கத்தில் ஒட்டுங்கள், ஒரு மில்லிமீட்டர் தளர்வு விட்டு. இறுக்கிப் பிடித்தால் ஈரக் காற்றில் விரியும்போது படம் நடுவில் புடைக்கும்.

நகல்களையும் தலைப்புச் சீட்டுகளையும் ஒட்ட அமிலமில்லாத டேப்போ குளூ ஸ்டிக்கோ போதும். ஃபெவிகால் மாதிரி நீர்ப்பசை தாளை ஊறவைத்துச் சுருக்கும். செலோ டேப் சில வருஷத்தில் மஞ்சளாகி, டேப் உதிர்ந்து கறை மட்டும் மிஞ்சும். ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் துருப்பிடிக்கும். ஃபோம் டேப், மணி, கல், மினுக்குத்தூள் எல்லாம் எதிர்ப்பக்கத்துப் போட்டோவில் பள்ளமும் கீறலும் போடும். போதாததற்கு ஆல்பம் மூட முடியாமல் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். என்னைக் கேட்டால் அலங்காரத்தை முதல் பக்கத்தோடு நிறுத்திவிடலாம்.

பக்க அமைப்பில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. ஏ4 பக்கத்துக்கு இரண்டிலிருந்து நான்கு படம். ஒன்று பெரிதாக, மற்றவை அதற்கு அடங்கியதாக. வளையப் பக்கம் 3 செ.மீ. காலி. எழுதுவதற்குப் பக்கத்தில் கால்பங்கு இடத்தை முதலிலேயே ஒதுக்குங்கள், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் இடம் இருக்காது. எல்லாவற்றையும் ஒட்டாமல் பரப்பி, மொபைலில் ஒரு படம் எடுத்துப் பார்த்தபின் ஒட்டுங்கள். இன்ஸ்டன்ட் கேமரா படங்களை ஓரம் வெட்டாதீர்கள், உள்ளே ரசாயன அடுக்குகள் இருக்கின்றன.

கல்யாணப் பத்திரிகை ஒரு நல்ல குடும்ப ஆவணம். தாத்தா பாட்டி பெயரிலிருந்து ஊர், தேதி, மண்டபம் வரை அதில் இருக்கும். அதன் நான்கு மூலை மஞ்சளும் குங்குமமும் தொட்டதெல்லாவற்றிலும் ஒட்டும், அதனால் தனி பாலியெஸ்டர் உறை அவசியம். போட்டோவை எதிரில் வைக்க வேண்டாம். அமிலத்தைப் போக்குவதாக விற்கும் காரத்தன்மை ஸ்பிரேயை இதன்மேல் அடித்துவிடாதீர்கள், சோப்பு பட்ட மஞ்சள் கறை சிவக்குமே, அதேதான் இங்கும் நடக்கும். லேமினேஷனும் கூடாது. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க வழியில்லை. மாலையிலிருந்து எடுத்த ரோஜா இதழை உறிஞ்சு தாள் நடுவே கனமான புத்தகத்தின் அடியில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் காயும். மல்லிகை பழுப்பாகத்தான் போகும். எதுவானாலும் உறைக்குள்தான்.

பஸ் டிக்கெட், சினிமா டிக்கெட், ஹோட்டல் பில் இவற்றில் பெரும்பாலானவை இப்போது தெர்மல் தாள். சூட்டிலும் பிவிசி உறையிலும் எழுத்து மறைந்துவிடும். அன்றைக்கே ஸ்கேன் செய்து நகலை வையுங்கள்.

ஆட்டோகிராஃப் நோட்டையும் ஸ்லாம் புத்தகத்தையும் பிரித்துத் தாளாக்க வேண்டாம். யாருக்கு அடுத்து யார் எழுதினார் என்பதும், ‘மேலே எழுதியவனை நம்பாதே’ மாதிரிக் குறும்பும் வரிசை கலைந்தால் போய்விடும். ஸ்கெட்ச் பேனா, கலர் ஜெல் எழுத்து முதலில் மங்கும். கலரில் ஸ்கேன் செய்து, பிடித்த பக்கங்களை அசல் அளவிலேயே அச்சிட்டு, எழுதியவரின் அந்த வருஷத்துப் படத்தோடு சேர்த்து வையுங்கள். நோட்டு அப்படியே கடைசியில் ஓர் உறைக்குள் போகட்டும். தொலைபேசி எண், வீட்டு முகவரி இருந்தால் நகலில் மறைத்துவிடுவது மரியாதை.

இனி எழுத்து. வேலையில் பாதி இதுதான், பலரும் தவறவிடுவதும் இதைத்தான். ‘பெரியம்மா வீட்டில்’ என்று எழுதினால் உங்கள் பேத்திக்கு அது யாருடைய பெரியம்மா என்று தெரியாது. முழுப்பெயர், இன்னாரின் அக்கா, ஊர், வருஷம், என்ன விசேஷம், தெரிந்தால் படம் எடுத்தவர் யார். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பமென்றால் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், அதனால் இனிஷியலும் பிறந்த வருஷமும் சேருங்கள். கல்யாண குரூப் போட்டோவுக்கு ‘இடமிருந்து வலம்’ போதாது, பின்வரிசையில் பாதி முகம் தெரிபவர்கள் குழப்புவார்கள். டிரேசிங் பேப்பரை நகலின்மேல் வைத்துத் தலைகளின் உருவக்கோடு மட்டும் வரைந்து, எண் போட்டு, கீழே பெயர்ப் பட்டியல் எழுதுங்கள். இதற்கு வீட்டில் மூத்தவரோடு உட்கார வேண்டும். கேட்கும்போதே மொபைலில் குரலைப் பதிந்துகொண்டால் எழுதும் வேகத்துக்காக அவர் பேச்சை நிறுத்த வேண்டியிருக்காது.

வருஷம் தெரியாவிட்டால் ‘சுமார் 1978, தம்பி கைக்குழந்தையாக இருப்பதால்’ என்று காரணத்தோடு எழுதுங்கள். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழுந்திருக்கும் தேதியை அப்படியே நம்ப வேண்டாம், பேட்டரி மாற்றியபின் தேதியைச் சரிசெய்யாத கேமராக்கள் ஏராளம்.

பேனாவில் பிக்மென்ட் மை (தண்ணீரில் கரையாத நிறத்துகள் கொண்ட மை) இருக்க வேண்டும். சகுரா பிக்மா மைக்ரான் மாதிரி வரைபடப் பேனாவில் 0.3 அல்லது 0.5 போதும். எழுதி, உலர்ந்ததும் ஒரு சொட்டு தண்ணீர் விட்டுப் பாருங்கள், கரையக் கூடாது. போட்டோவின் பின்னால் நேரடியாக எழுதினால் மென்மையான பென்சிலில், ஓரமாக, அழுத்தாமல். பால்பாயின்ட் அழுத்தினால் முன்பக்கத்தில் எழுத்து புடைக்கும். பிளாஸ்டிக் பூச்சுள்ள பிற்காலப் பிரின்டுகளில் சாதாரணப் பென்சில் பிடிக்காது, அங்கே பக்கத்தில் எழுதுவதோடு விட்டுவிடுங்கள்.

முடித்த ஆல்பத்தைப் பரணில் போடாதீர்கள், மாடிச் சூடு நேராக இறங்கும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவும் கீழ்த்தட்டும் ஈரம் வாங்கும். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் மூடி இறுகும் பெட்டிக்குள்தான் வேலை செய்யும், தினமும் திறக்கிற பீரோவில் போடுவது வீண். அப்படி இறுக மூடுவதானால் மழையில்லாத நாளின் மதியத்தில் மூடுங்கள். அடைமழையில் மூடினால் ஈரத்தையும் உள்ளே பூட்டியதாகும். பாச்சை உருண்டையை (நாப்தலின்) போட்டோவோடு போடக் கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக்கைத் தாக்கும். தாளை அரிக்கும் வெள்ளிப்பூச்சிக்கு நல்ல மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆல்பத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அலமாரியைத் துடைத்து வைப்பதுதான். ஸ்கேன் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில் இல்லாமல் அண்ணன் வீட்டிலோ தோழி வீட்டிலோ இருக்கட்டும். சொந்தக்காரர் யாராவது ஆல்பத்தை இரவல் கேட்டால், பக்கங்களையே ஸ்கேன் செய்து அச்சிட்ட பிரதியைக் கொடுங்கள்.