டீச்சரம்மா பதில்கள்: கருப்பட்டிப் பெட்டியும் சுமைதாங்கிக் கல்லும்

கேள்வி: டீச்சரம்மா, என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. உப்பளத்தில் கணக்குப் பார்த்தவர். இப்போது வலது கையும் காலும் வராது, பேச்சும் குழறுகிறது. மகளிர் குழுவில் எடுத்த கடன் நிற்கிறது. மகள் நர்சிங் இரண்டாம் வருடம். யாரிடம் சொன்னாலும் "கர்த்தர்மேல் பாரத்தை வைத்துவிடு" என்கிறார்கள். ராத்திரி முழங்காலில் நின்று வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன். மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் எல்லாம் திரும்ப என் தலையில் இருக்கிறது. ஜெபக்கூட்டத்தில் ஒரு அக்கா, "நீ கவலைப்படுவதே பாவம். உன் விசுவாசக் குறைவால்தான் அவருக்குச் சுகம் தாமதிக்கிறது" என்றார். அன்றிலிருந்து ஜெபிக்கவே பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: மகளே, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்த அக்கா உன் தலையில் ஏற்றியதை இறக்கு. அது கர்த்தர் கொடுத்த பாரம் இல்லை.

பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம்?" என்று சீஷர்கள் கேட்டபோது, "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று இயேசு சொன்னார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். இரண்டாயிரம் வருடமாகப் புத்தகத்தில் இருக்கிறது, நாம் இன்னும் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்காவது தைரியம் இருக்கிறதா? எங்கள் திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த வளாகத்தில் எத்தனை பிள்ளைகள் அவருக்காக முழங்கால்படியிட்டிருப்பார்கள்! சுகம் வரவில்லை. அவருடைய கல்லறையில் பெரிய கல் ஏதும் கிடையாது, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது.

இனி உன் மூன்று மணி விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா பனையேறி. அம்மா கருப்பட்டி காய்ச்சுவாள். ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியை அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து, தேரி மணலில் நடந்து உடன்குடிச் சந்தைக்குப் போவாள். எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். லீவு நாளில் நானும் பின்னால் ஓடுவேன். பாதி வழியில் ஒரு சுமைதாங்கி இருந்தது. நட்டுவைத்த இரண்டு கல், மேலே குறுக்காக ஒரு கல், அம்மாவின் தோள் உயரம். தலையைச் சற்றுச் சாய்த்துப் பெட்டியை அதன்மேல் நகர்த்திவிடுவாள். இறக்கிவிட இன்னொரு ஆள் வேண்டாம், அதுதான் அந்த உயரத்தின் சூட்சுமம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த தண்ணீரை எனக்குப் பாதி கொடுத்துவிட்டுத் தானும் குடிப்பாள். பிறகு கல் ஓரத்தில் தலையைக் கொடுத்துப் பெட்டியை மறுபடி ஏற்றிக்கொள்வாள்.

ஒருநாள் கேட்டேன். "எம்மா, கல்லுமேலயே இருக்கட்டும், நாம சும்மா போவோம்." அம்மா சிரித்தாள். "கருப்பட்டிய இங்க போட்டுட்டுப் போனா ராத்திரி உனக்குச் சோறு யாரு போடுவா? இந்தக் கல்லா?"

நாற்பது வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தேன். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு" என்ற ஐம்பத்தைந்தாம் சங்கீதத்தை எத்தனையோ பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ணவைத்தேன். ஆனாலும் அம்மாவின் அந்தப் பதிலுக்கு மேலே நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. உன் புருஷன் உன் கருப்பட்டி. உன் மகள் உன் கருப்பட்டி. அவர்களை இறக்கிவைத்துவிட்டு வெறுங்கையோடு போக உன்னால் முடியாது, முடியவும் கூடாது. அதனால்தான் விழித்ததும் திரும்பத் தலையில் இருக்கிறது. அது விசுவாசக் குறைவு இல்லை, நீ சந்தைக்குப் போகிற வழியில் இருக்கிறாய், அவ்வளவுதான். மூன்று மணிக்கு விழித்தால் மூன்று மணிக்கு இறக்கு. நாலு மணிக்கு ஏறிக்கொண்டால் நாலு மணிக்கும் இறக்கு. அம்மா ஒரே கல்லில் ஆயிரம் தடவையாவது இறக்கியிருப்பாள். கல் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

பேதுரு எழுதிய வசனத்தைப் பார்: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." கவலைகளை என்றுதான் சொல்கிறார், கடமைகளை என்று சொல்லவில்லை. இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எனக்குக் கிரேக்கம் தெரியாது. எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரத்தில், முன்பு இருந்த குருவானவர் வேதபாட வகுப்பில் சொல்லித்தந்ததைச் சொல்கிறேன். படகு தண்ணீரில் நிறைகிறபோது இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். சீஷர்கள் எழுப்பி, "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கத்துகிறார்கள். மாற்கு நான்காம் அதிகாரம். அங்கே "கவலையில்லையா" என்பதற்கு மூலத்தில் என்ன வினைச்சொல் இருக்கிறதோ, அதே சொல்தான் பேதுருவின் நிருபத்தில் "விசாரிக்கிறவர்" என்று நம் வேதாகமத்தில் வந்திருக்கிறது. அந்தப் படகில் பேதுருவும் இருந்திருப்பார். அன்று "உமக்கு அக்கறை இல்லையா?" என்று மரியாதை இல்லாமல் கேட்ட கூட்டத்தில் ஒருவர், வயதான பிறகு "அவருக்கு அக்கறை உண்டு" என்று எழுதுகிறார். அன்று கத்தியதற்காகக் கர்த்தர் அவர்களைத் தண்ணீரில் தள்ளவில்லை. எழுந்தார், காற்றை அதட்டினார், அதன்பிறகுதான் விசுவாசத்தைப் பற்றிப் பேசினார். ஆகவே பயந்துகொண்டு ஜெபிக்காமல் இருக்காதே. உனக்கு அழகான வார்த்தை வரவில்லையென்றால் அந்தப் படகுக்காரர்கள் மாதிரி கத்து.

"விசாரிக்கிறவர்" என்று மொழிபெயர்த்த புண்ணியவானை நான் அடிக்கடி நினைப்பேன். நம் ஊரில் ஒரு வீட்டில் முடியவில்லை என்றால் "ஒரு எட்டுப் போய் விசாரிச்சிட்டு வந்துரு" என்போம். போலீஸ் விசாரணை இல்லை அது. கையில் நாலு ஆரஞ்சோடு போய், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "ராத்திரி தூங்குனாரா?" என்று கேட்பது.

அடுத்தது, நீ மட்டும் தனியாகச் சுமக்கிறாயே, அது ஏன்? கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்கிறார். மூன்று வசனம் தாண்டி "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்கிறார். வாத்திச்சி கண்ணுக்கு இது முரணாகத் தெரியும். அதே குருவானவர்தான் விளக்கினார்: தமிழில் இரண்டும் பாரம், மூலத்தில் இரண்டு வேறு சொல். முன்னது ஆளை அமுக்குகிற பளு, பின்னது அவரவர் முதுகில் தூக்கிப்போகிற மூட்டை. உன் புருஷனுக்குச் சோறு ஊட்டுவது உன் மூட்டை. கடன், பீஸ், வைத்தியம் மூன்றும் சேர்ந்து உன்னை அமுக்குவது சபையும் சேர்ந்து தூக்கவேண்டிய பளு. சேகர குருவிடம் போய் வெளிப்படையாகச் சொல். "வெட்கமாக இருக்கிறது" என்று எழுதாமல் விட்டிருக்கிறாய், வரிகளுக்கு நடுவே தெரிகிறது.

சபைக்கு வெளியேயும் கேள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-இல் அரசு தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டாயா? இல்லையென்றால் இந்த மாதமே அலை. அலைவதும் ஜெபம்தான் என்று சொல்லமாட்டேன். அலைச்சல் அலைச்சல்தான். ஆனால் செய்யவேண்டியது.

கேள்வி: வட்டிக்குக் கடன் வாங்கியாவது தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுத்தால் கர்த்தர் இரட்டிப்பாகத் தருவார் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகர், சாத்தான்குளம்

பதில்: இல்லை. "அவனிடத்தில் இல்லாததின்படியல்ல, அவனிடத்தில் உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று காணிக்கையைப் பற்றி இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரம் சொல்கிறது. முதலில் கடனை அடையுங்கள். இதைச் சொன்னவர்கள் வட்டியில் பாதி கட்டுவார்களா என்றும் கேட்டுப்பாருங்கள்.

கேள்வி: பெங்களூரில் ஐ.டி. வேலை. வேதாகமச் செயலி வைத்திருக்கிறேன், தினமும் பிரசங்கம் கேட்கிறேன். இருந்தும் என் விசுவாசம் மேலோட்டமாகவே இருக்கிறது. ஆழப்படுவது எப்படி?
– 27 வயது வாசகர்

பதில்: தம்பி, பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? மேலே ஒரு இலைகூட எட்டிப்பார்ப்பதற்குள் முளை கீழே இறங்கிவிடும். அதுதான் பொங்கலுக்கு நீங்கள் அவித்துத் தின்கிற கிழங்கு. இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தோண்டினால் கிழங்கு கையில் வரும், பனை வராது. நீங்கள் வாராவாரம் தோண்டிப் பார்க்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பிரசங்கத்தைப் பாதியாகக் குறையுங்கள். பழைய ஜெபப் புஸ்தகத்தில் 150 சங்கீதங்களையும் 30 நாளுக்குக் காலை மாலை என்று பிரித்திருக்கிறார்கள். வாய்விட்டு வாசியுங்கள். உங்கள் மனநிலைக்கு ஒத்துவராத சங்கீதமும் வரும், விடாதீர்கள். நீங்கள் சந்தோஷமாக இருக்கிற காலையில் ஒருவன் "எதுவரைக்கும், கர்த்தாவே?" என்று அழுவான். அவனோடு சேர்ந்து வாசிக்கும்போதுதான், இப்படி அழுகிற ஒருவர் உங்கள் அலுவலகத்திலும் இருக்கக்கூடும் என்று தோன்றும். ஒரே ஒரு சபையில் நிலையாக இருங்கள். எங்கள் பக்கம் அசனம், அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து, முடிந்தபின் அண்டா தேய்க்க ஆள் கிடைக்காது. அங்கே அசனம் இல்லாவிட்டாலும் தேய்க்க ஏதாவது இருக்கும்.

கேள்வி: மனச்சோர்வுக்கு டாக்டர் மாத்திரை எழுதியிருக்கிறார். "ஜெபித்தால் போதும், மாத்திரை அவிசுவாசம்" என்று வீட்டில் தடுக்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: கண்ணு, பவுலுக்கு "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" கூட இருந்தார். வேலூரில் ஐடா ஸ்கட்டர் 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியசாலை தொடங்கியது அவிசுவாசத்தினாலா? சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற உங்கள் தாத்தாவை யாரும் தடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

எலியா தீர்க்கதரிசியைப் பார். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினியை இறங்கப்பண்ணிய மனுஷன். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்று எழுப்பினான். தின்றுவிட்டு எலியா திரும்பப் படுத்துக்கொண்டார். தூதன் திட்டவில்லை, இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொன்னான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். உபதேசியாராக (சபையில் குருவுக்குத் துணையாக) இருந்த என் வீட்டுக்காரர் தவறியபின் எட்டு மாதம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எல்லாரும் "கர்த்தாவே, எங்களுக்கு இரங்கும்" என்று பதில் சொல்லும்போது என் உதடு மட்டும் அசையும். அச்சடித்த ஜெபத்தை அதற்கு முன் நான் கேலி பண்ணியதுண்டு. அந்த எட்டு மாதமும் அதுதான் எனக்குச் சும்மாடு. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தி தினமும் புளிக்குழம்பும் அவித்த முட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். அவள் ஒரு வசனம்கூடச் சொன்னதில்லை.

மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதே. உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு வந்தால் அந்த நிமிஷமே யாரிடமாவது சொல். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் பண்ணு, இரவும் பகலும் எடுப்பார்கள். உன் வீட்டாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. கோபம் வந்தால் எனக்கு எழுதச் சொல்.

கேள்வி: ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறீர்களே, உங்களுக்குக் கவலையே வராதா?
– ஒரு வாசகி, நாசரேத்

பதில்: வராமலா? வெள்ளிக்கிழமை எனக்குக் கண்புரை ஆபரேஷன். சின்ன ஆபரேஷன்தான், எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், கண் அவர்களுடையது இல்லையே. செவ்வாய் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து லைட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். மேலே தூத்துக்குடி மகளுக்கு எழுதியதையெல்லாம் எனக்கே சொல்லிப்பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது, திரும்ப ஏறியது. காலையில் எதிர்வீட்டு மருமகள் வாசல் பெருக்கும்போது எட்டிப்பார்த்து, "ராத்திரி லைட் எரிஞ்சிதே, என்ன டீச்சரம்மா?" என்றாள். சொன்னேன். வெள்ளிக்கிழமை அவள் கூட வருகிறாள். ஆட்டோவுக்கும் அவளே சொல்லிவிட்டாள்.