கட்டாந்தரைக்கு எந்த ஸ்டட்?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. திருமங்கலத்தில் பள்ளி அணியில் கால்பந்து ஆடுகிறான். டி.வி.யில் வீரர்கள் போடுவது மாதிரி அடியில் நீளக் குமிழ் வைத்த ஸ்டட் ஷூதான் வேண்டும் என்கிறான். நண்பனிடம் இரவல் வாங்கிப் போட்டு ஆடிய நாளெல்லாம் குதிகால் வலி. மைதானமோ கட்டாந்தரை. எதை வாங்கித் தரலாம்? ஜெர்சியும் ஒரே புழுக்கம் என்கிறான். அதற்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: கட்டாந்தரை என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டட் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

ஸ்டட் என்பது ஈரமும் புல்லும் உள்ள மண்ணுக்காக உருவானது. 1954 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று பெர்ன் நகரில் நல்ல மழை. மேற்கு ஜெர்மனி வீரர்கள் அடிடாஸ் நிறுவனர் அடி டாஸ்லர் செய்து கொடுத்த பூட்ஸ் போட்டிருந்தார்கள். அதில் குமிழ்களைத் திருகிக் கழற்றி மாட்டலாம். சேற்றுக்கு ஏற்ற மாதிரி நீளக் குமிழ் மாட்டி இறங்கினார்கள். பலம் வாய்ந்த ஹங்கேரியை 3-2 என்று வென்றார்கள். குமிழ் மண்ணுக்குள் இறங்கினால்தான் அதற்குப் பிடிப்பு.

சித்திரை வெயிலில் நம் பக்கத்து மைதானம் சுட்ட ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். அதில் குமிழ் எங்கே இறங்கும்? பையனின் முழுப் பாரமும் சில குமிழ்களின் முனையில் நிற்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த அடி பாதத்துக்குப் போகும். இந்த வயதில் குதிகால் எலும்பின் வளரும் பகுதி இன்னும் இறுகியிருக்காது. அதனால் வலி அங்கேதான் முதலில் வரும்.

எனவே டர்ஃப் ஷூ வாங்குங்கள். அடிப்பகுதி முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் முள்ளாக இருக்கும், உள்ளே மெத்தென்ற அடுக்கும் உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற செயற்கைப் புல் டர்ஃபிலும் இதையே போடலாம். ஐப்பசி, கார்த்திகையில் தரை சொதசொதவென்று ஆன பிறகு, குட்டை ரப்பர் குமிழ் வைத்த ஸ்டட் இரண்டாவது ஜோடியாக இருக்கட்டும். உலோக முனை மட்டும் வேண்டாம்.

டி.வி.யில் பார்ப்பது கண்ணைக் கவரும், பையனைக் குறை சொல்ல முடியாது. 1998-ல் பிரேசில் வீரர் ரொனால்டோவுக்காக நைக் செய்த மெர்குரியல் பூட்ஸ் சுமார் 200 கிராம்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளின் தோல் பூட்ஸ் தண்ணீர் குடித்தால் கல்லாகக் கனக்கும். ஆனால் அந்த லேசான பூட்ஸில் அடியைத் தாங்கும் மெத்தையும் குறைவு. நல்ல புல்தரையில் ஆடுகிறவருக்குச் சரி, உங்கள் மகனுக்கு இப்போது வேண்டாம்.

சாயங்காலம் கடைக்குப் போங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஆடும்போது போடுகிற சாக்ஸைப் போட்டே ஷூவை மாட்டச் சொல்லுங்கள். எழுந்து நிற்கும்போது நீண்ட விரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரலில் பாதி அகலம் இடம் இருந்தால் போதும். "வளர்கிற பிள்ளைதானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். பாதம் உள்ளே வழுக்கினால் கொப்புளம் நிச்சயம். அப்புறம் ஷூவைக் கையில் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் அந்த ஜோடியை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

ஜெர்சி விஷயம் எளிது. பருத்தி வியர்வையைக் குடித்துக் கனத்து உடம்போடு ஒட்டும். பாலியஸ்டர் குடிக்காது, ஈரம் பரவி சீக்கிரம் காயும். ஆனால் கெட்டியாக நெய்த பாலியஸ்டர் இன்னும் புழுங்கும், உங்கள் மகனுடையது அதுவாகத்தான் இருக்க வேண்டும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அந்த ஊர் வெயிலுக்காகவே இங்கிலாந்து வீரர்கள் துளைத்துளையான ஏர்டெக்ஸ் துணிச் சட்டையோடு ஆடினார்கள். கடையில் ஜெர்சியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பொடித் துளை தெரிந்தால், அதிலும் வெளிர் நிறமாக இருந்தால், வாங்கலாம். பாலியஸ்டரில் வியர்வை நாற்றம் தங்கிவிடும், அன்றன்றே அலசிவிடுங்கள்.

குதிகால் வலி குறையும் வரை ஓட்டமும் குதிப்பும் வேண்டாம். நொண்டி நடந்தாலோ, ஓய்வு கொடுத்தும் வலி விடவில்லை என்றாலோ, ஷூ வாங்கும் முன் எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.