எஸ்பிஎம் ஆங்கிலக் கட்டுரைத் தாள்: டீச்சரிடம் கேளுங்கள்

பினாங்கில் இடைநிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் அரசுத் தேர்வுதான் எஸ்பிஎம். அதற்கு முன் பள்ளியிலேயே நடக்கும் ட்ரையல் என்ற முன்னோட்டத் தேர்வின் தாள்கள் கைக்கு வந்த வாரம் இது. அதனால் வந்த கேள்விகளில் பாதி கவலை, பாதி கோபம். பட்டர்வொர்த், பிறை, ஜார்ஜ்டவுன் பக்கத்துக் கேள்விகளே அதிகம். கோலாலம்பூரிலிருந்தும் சில வந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

என் மூத்த மகன் 2018-இல் எஸ்பிஎம் எழுதியவன். அவனுடைய ஆங்கிலக் கட்டுரைக் குறிப்பேடுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இளையவனுக்குக் கொடுக்கலாமா? (பிறை, ஒரு தந்தை)

இலக்கணக் குறிப்புகளைக் கொடுங்கள் ஐயா. கட்டுரைக் குறிப்புகளைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உங்கள் மூத்தவர் எழுதியபோது வழிகாட்டிக் கட்டுரை ஒன்று, 350 சொல் அளவில் நீண்ட கட்டுரை ஒன்று. ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகக் கொடுத்து எழுதச் சொல்வதும் உண்டு. 2021-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து அந்த அமைப்பே மாறிவிட்டது. இப்போது எழுத்துக்கென்று தனித்தாள்: இரண்டாம் தாள், ஒன்றரை மணி நேரம், 60 மதிப்பெண். முதல் பகுதியில் சுமார் 80 சொல்லில் மின்னஞ்சலுக்குப் பதில். இரண்டாம் பகுதியில் 125 முதல் 150 சொல்லுக்குள் குறிப்புகளை ஒட்டிய கட்டுரை. மூன்றாம் பகுதியில் மூன்று கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 200 முதல் 250 சொல் வரை எழுத வேண்டும். அது பத்திரிகைக் கட்டுரையாகவோ விமர்சனமாகவோ அறிக்கையாகவோ கதையாகவோ இருக்கலாம். பகுதிக்கு 20 மதிப்பெண். பழைய குறிப்பேட்டைப் படித்துவிட்டுப் போகும் பிள்ளை, கேட்காத கேள்விக்கு அழகாகப் பதில் எழுதிவிட்டு வருவான்.

மின்னஞ்சல் பகுதி சின்னதுதானே டீச்சர்? மூன்றாம் பகுதியை முதலில் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் அதை எழுதுகிறேன். ஆனால் ட்ரையலில் அதில் 20-க்கு 9 தான் வந்தது. (செந்தூல், ஐந்தாம் படிவ மாணவர்)

தம்பி, 80 சொல்லுக்கும் 20 மதிப்பெண், 250 சொல்லுக்கும் 20 மதிப்பெண். நீ கடைசிக்குத் தள்ளியது தாளிலேயே மலிவாகக் கிடைக்கும் மதிப்பெண்ணை.

அந்த 9 எப்படி வருகிறது என்று காட்டுகிறேன். என் வகுப்பில் கொடுக்கும் பயிற்சி ஒன்று: ஈப்போவில் இருக்கும் நண்பன் விடுமுறைக்குப் பினாங்கு வருகிறான். கொடிமலைக்குப் போகலாமா, எந்த நேரம் நல்லது, என்ன எடுத்து வர வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்கிறான். ஒரு மாணவனின் பதில் ‘ஐ ஹோப் யூ ஆர் இன் தி பிங்க் ஆஃப் ஹெல்த்’ என்று தொடங்கியது. நலம் விசாரிப்பிலேயே மூன்று வரி போயிற்று. அடுத்து, மலை ரயில் 1923-இல் ஓடத் தொடங்கிய வரலாறு. அதற்கடுத்து, பினாங்கு கீழ்த்திசை முத்து என்ற பெருமை. கடைசி வரியில், ‘தேவையான பொருள்களை எடுத்து வா.’ இலக்கணப் பிழை என்று பார்த்தால் இரண்டோ மூன்றோதான். ஆனால் ஈப்போ நண்பனுக்கு என்ன தெரிந்தது? எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று தெரியவில்லை. பைக்குள் எதை வைப்பது என்றும் தெரியவில்லை.

அதே மாணவனை உட்கார வைத்து, அந்த நண்பன் இப்போது தொலைபேசியில் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். மூச்சு விடாமல் சொன்னான்: போகலாம், காலையிலேயே போய்விடலாம், பிறகு வரிசை நீண்டுவிடும், மேலே கொஞ்சம் குளிரும், மெல்லிய ஜாக்கெட் எடுத்துக்கொள், மத்தியானம் மழை வரலாம், குடையும் இருக்கட்டும். அதை அப்படியே எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். முன்னாலும் பின்னாலும் ஒரு வரி வணக்கம் வைத்தபோது 80 சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

திருத்துபவர் நான்கு கோணத்தில் பார்க்கிறார்: உள்ளடக்கம், படிப்பவரிடம் செய்தி சேரும் விதம், ஒழுங்கு, மொழி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து. இலக்கணம் நான்கில் ஒன்றுதான். கேட்ட மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் உள்ளடக்கத்திலேயே சரிந்துவிடுவாய். முதல் பகுதியை முதலிலேயே எழுது. இருபது நிமிடம் போதும்.

டியூஷனில் பெரிய பெரிய சொற்கள் அடங்கிய பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். கட்டுரைக்குப் பத்தாவது நுழைக்க வேண்டுமாம். எனக்குப் பாதிக்கு அர்த்தம் தெரியவில்லை. (பட்டர்வொர்த், மாணவி)

அர்த்தம் தெரியாத பாதியை இன்றைக்கே அடித்துவிடு அம்மா. மீதியில் உன் வாய் பேசும்போது தானாக வரக்கூடியவை எவை என்று பார். அவை மட்டும் உன்னுடையவை.

சொல்வளத்துக்கு மதிப்பெண் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருத்துபவர் தேடுவது பொருத்தம். ‘மழை பெய்தது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான்கு அசைச் சொல் ஒன்று வந்து உட்கார்ந்தால், கல்யாண நகையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனது போல இருக்கும். ‘மோர்ஓவர்’, ‘ஃபர்தர்மோர்’, ‘லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்’ மூவரும் வரிசையாக வரும் கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். ஒழுங்கு அந்தச் சொற்களால் வருவதில்லை. முதல் பத்தியில் சொன்னதிலிருந்து இரண்டாம் பத்தி பிறக்க வேண்டும். அப்படிப் பிறந்தால் ‘பட்’, ‘பிகாஸ்’, ‘ஸோ’ ஆகியவையே பெரும்பாலும் போதும்.

இரண்டாம் பகுதியில் கொடுத்த குறிப்புகள் எல்லாவற்றையும் எழுதினேன். ஆனாலும் ‘கருத்து விரியவில்லை’ என்று ஆசிரியர் எழுதியிருக்கிறார். விரிப்பது என்றால் என்ன? (ஜார்ஜ்டவுன், மாணவி)

உன் தாளின் படத்தை அனுப்பியிருந்தாய், நன்றி. பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரை. ‘எனக்குப் பேட்மிண்டன் பிடிக்கும். அது ஆரோக்கியமானது. அதனால் நண்பர்கள் கிடைக்கிறார்கள்.’ மூன்று குறிப்புக்கும் மூன்று வாக்கியம். பிறகு அதே மூன்றையும் வேறு சொற்களில் இன்னொரு முறை எழுதி 130 சொல்லை நிரப்பியிருக்கிறாய்.

ஒவ்வொரு குறிப்பையும் எழுதியதும் உன்னையே கேள்: ஏன்? எப்போது? ‘நண்பர்கள் கிடைக்கிறார்கள்’ என்பதை எடுத்துக்கொள். எங்கே கிடைத்தார்கள்? அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே மாலையில் விளையாடும்போது, ஆள் குறைந்த ஒரு நாள் எதிர் வீட்டுச் சீனப் பெண்ணைக் கூப்பிட்டாய், இப்போது இருவரும் சேர்ந்து கணிதம் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது நடந்திருக்க வேண்டும் என்பதில்லை, நடக்கக்கூடியதாக இருந்தால் போதும். அங்கே நான்கு வாக்கியம் வந்துவிட்டது, திருப்பிச் சொன்னது ஒன்றும் இல்லை.

மூன்றாம் பகுதியில் எதைத் தேர்ந்தெடுப்பது நல்லது? எல்லாரும் கதை வேண்டாம் என்கிறார்கள். (பத்துமலை, மாணவர்)

எல்லாரும் என்பவர்கள் உன் தாளை எழுதப் போவதில்லை. கதை எழுத வருமா என்பதை மூன்று கதை எழுதிப் பார்த்து நீயே முடிவு செய்.

கதையில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் அளவு. 250 சொல்லில் பிறப்பு, வறுமை, விபத்து, மருத்துவமனை, மன்னிப்பு எல்லாம் அடங்காது. ஓர் இடம், ஒரு மணி நேரம், இரண்டு பேர் என்று வைத்துக்கொள். தொடக்க வரியையோ இறுதி வரியையோ கேள்வியிலேயே கொடுத்திருந்தால் அதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுது. அந்த வரிக்கும் கதைக்கும் உறவு இருக்க வேண்டும். மனப்பாடம் செய்த விபத்துக் கதையின் வாலில் கொடுத்த வரியை ஒட்டினால் திருத்துபவருக்கு ஒட்டு தெரியும். ‘திடுக்கிட்டு எழுந்தேன், எல்லாம் கனவு’ என்று மட்டும் தயவுசெய்து முடிக்காதே.

விமர்சனம் கேட்டால் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே போகாதே. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, யாருக்கு இது ஏற்றது என்பதுதான் விமர்சனம். நாசி கண்டார் கடையைப் பற்றியும் எழுதலாம்: குழம்பு அருமை, ஆனால் மதியம் ஒரு மணிக்கு உட்கார இடம் கிடைக்காது. இந்த ‘ஆனால்’ விமர்சனத்துக்கு உயிர். அறிக்கை என்றால் உட்தலைப்புகள், உணர்ச்சி குறைவு, முடிவில் பரிந்துரை. சரளமாக எழுத வராத, ஆனால் ஒழுங்காக யோசிக்கும் பிள்ளைகளுக்கு நான் அறிக்கையைத்தான் சொல்வேன். பத்திரிகைக் கட்டுரைக்குத் தலைப்பு வை, படிப்பவரிடம் நேராகப் பேசு.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மாற்றுகிறாள், அதனால்தான் பிழை வருகிறது என்கிறார்கள். அங்கே சேர்த்தது தவறோ என்று இருக்கிறது. (பிரிக்ஃபீல்ட்ஸ், ஒரு தாய்)

இல்லை அம்மா. இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஐந்தாம் படிவத்தில் நிற்கும் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டாள். இப்போது வரும் பிழைக்குத் தமிழ்த் தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டு ஆசிரியரைக் கேட்க முடியாது.

பிழைகளைப் பிரித்துப் பாருங்கள். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் எழுதுவது பெரிய பிழை. மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறாது. தமிழ் வினை மாறும்: போகிறாள், போனாள், போவாள். காலம் பார்த்து வினையை மாற்றும் பழக்கம் உங்கள் மகளுக்குச் சிறு வயதிலேயே வந்துவிட்டது; அதை நினைவூட்டினால் போதும். ‘ஏ’, ‘தி’ போன்ற சின்னச் சொற்கள் விடுபடுவது வேறு. தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் விடுபடும். பொருள் புரிவதைத் தடுக்காத பிழை அங்கொன்று இங்கொன்று இருந்தால் தாள் கவிழ்ந்துவிடாது.

தமிழில் யோசிப்பதைத் தடுக்க வேண்டாம். என்ன சொல்வது என்று தமிழிலேயே முடிவு செய்யட்டும். எழுதும்போது வாக்கியத்தை மட்டும் குட்டையாக வைக்கட்டும்.

கையெழுத்து மோசம். மதிப்பெண் குறையுமா?

அழகுக்கு மதிப்பெண் இல்லை. படிக்க முடியாததற்கும் இல்லை.

பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலா, அமெரிக்கனா?

எதுவாயினும் கடைசி வரை அதையே எழுது.

150 சொல்லைத் தாண்டினால் வெட்டுவார்களா?

பத்து சொல் கூடியதற்காகப் பயப்படாதே. முந்நூறு எழுதினால், கேட்காததை எழுதியிருப்பாய், பிழையும் கூடியிருக்கும், மூன்றாம் பகுதிக்கு நேரமும் போயிருக்கும்.

கைபேசிச் செயலியில் போட்டால் என் கட்டுரையை ஒரு நொடியில் திருத்திக் கொடுத்துவிடுகிறது. அதை வைத்துப் பயிற்சி செய்யலாமா? (பாயான் லெப்பாஸ், மாணவர்)

திருத்திய கட்டுரையைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு மூடி வைத்தால் பயிற்சி செயலிக்குத்தான். முதலில் கடிகாரத்தை வைத்துக் கையால் எழுது. தேர்வு மண்டபத்தில் கையால்தானே எழுதப் போகிறாய்? பிறகு செயலியிடம், பிழை இருக்கும் வரியை மட்டும் காட்டு, திருத்தாதே என்று சொல். நீயே திருத்து. ஒரே வகைப் பிழை மூன்று கட்டுரையில் வந்தால் அதை மேசைக்கு எதிரே ஒட்டி வை. தாளை முடித்ததும் கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தப் பிழையை மட்டும் தேடு. எல்லாப் பிழையையும் ஒரே பார்வையில் தேடுபவன் ஒன்றையும் பிடிப்பதில்லை.

ஆங்கிலத்தில் தேறாவிட்டாலும் சான்றிதழ் கிடைக்கும்தானே? பிறகு எதற்கு இவ்வளவு பாடு? (பட்டர்வொர்த், பெயர் வேண்டாம் என்றவர்)

கிடைக்கும் தம்பி. கட்டாயத் தேர்ச்சி மலாய் மொழிக்கும் வரலாற்றுக்கும்தான். ஆனால் பொதுப் பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்கு மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும், அங்கேயும் எழுத்துத் தாள் காத்திருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், வேலைக்கு விண்ணப்பித்த இடத்திலிருந்து வரும் மின்னஞ்சலை நினைத்துப் பார். அதற்குப் பதில் எழுதுவதும் இந்தத் தாளின் முதல் பகுதியும் ஒன்றேதான்.

எனக்கு ஆங்கிலம் தெரியாது. வீட்டுக்காரர் இரவு வேலை. டியூஷனுக்கு வசதி இல்லை. நான் மகனுக்கு என்ன உதவி செய்ய முடியும் டீச்சர்? (பிறை, ஒரு தாய்)

நிறையச் செய்யலாம் அம்மா. பயிற்சிக் கேள்வியை மகன் எடுத்து வைத்ததும், பேனாவைத் தொடுவதற்கு முன் உங்களிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: யார் எழுதியிருக்கிறார்கள், என்னென்ன கேட்கிறார்கள். நீங்கள் விரல் மடக்கி எண்ணிக்கொள்ளுங்கள். அவன் எழுதி முடித்ததும், எழுதியதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மடக்கிய விரல்களுக்கெல்லாம் பதில் வந்ததா என்று பாருங்கள். உங்களுக்கே ஏதாவது புரியாவிட்டால் ‘ஏன்?’ என்று கேளுங்கள். அவன் வாயால் சொல்லும் விளக்கம்தான் தாளில் விடுபட்ட வாக்கியம். ஒரு விரலுக்குப் பதில் இல்லையென்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், வாரத்துக்கு ஒரு தாள் அனுப்பச் சொல்லுங்கள்.